லிட்டருக்கு எட்டு மில்லி

போஜன் வண்டியை மூன்று தவணையாகக் கொண்டுவந்தான்.
முதலில் கூடு. பிறகு கியர்பெட்டி.
ஆடி மழையில், தார்ப்பாய் போர்த்திய எஞ்சின்.
பிஸ்டன் கிடையாது அதில்.
இடுப்பு ஒடுங்கிய முட்டைபோல் ஓர் அறை,
அதற்குள் ஒரு முக்கோணம் சுற்றும். அவ்வளவுதான்.
அரவேனுவில் கவாத்து மிஷின் பார்க்கும் எனக்கு
அது பிடிபட ஒரு வாரமும்
நாலு பாக்கெட் பொரையும் ஆயின.

முக்கோணத்தின் முனைக்கு முனை
நகத்தின் அகலத்தில் ஒரு பட்டை.
அது காய்ந்து உரசினால் எஞ்சின் செத்தது.
காயாமல் பார்த்துக்கொள்ள
முன்பக்கம் ஒரு சின்னப் பம்ப்,
மிதிக்கிற மிதிக்குத் தக்கபடி
சொட்டுச் சொட்டாய் ஆயில் ஊட்டும்.

"அதக் கழட்டிடு யோகராணி" என்றான்.
"முப்பத்தஞ்சு வருசப் பம்ப்.
ஊட்டுதா, ஊட்டற மாதிரி நடிக்குதான்னு யாருக்குத் தெரியும்?
பெட்ரோல்லயே டூ-டி கலந்துக்கலாம்.
உன் கவாத்து மிஷின் குடிக்கல?"

குடிக்கிறதுதான்.
அதற்கு ஊற்றுவது நான்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
முதல் போல்ட் சொன்ன பேச்சு கேட்டது.
இரண்டாவதற்கு மண்ணெண்ணெய், சுத்தியலால் ரெண்டு தட்டு,
மஸ்கெலியாவில் மட்டும் புழங்கும் ஒரு கெட்ட வார்த்தை.
நாலு குழாய், நாலு செம்பு வாஷர்.
ஒன்று உருண்டு சாக்கடைக்குள் போனது,
வேறு வாங்க மேட்டுப்பாளையம் போய்வந்தேன்.
த்ராட்டில் கம்பி எதை இழுப்பதென்று தெரியாமல் தொங்கியது.

பம்ப் என் உள்ளங்கைக்குள் அடங்கியது.
கவிழ்த்தேன்.
கருந்தேன் நிறத்தில் ஒரு சொட்டு
திரண்டு, யோசித்து, மணிக்கட்டில் விழுந்தது.
நடிக்கவில்லை அது.
அவனிடம் நான் சொல்லவில்லை.

பழைய தேக்சாவின் அடியை வெட்டி மூடித்தகடு செய்தேன்.
காலண்டர் அட்டையில் கேஸ்கட்: மார்ச் மாதம்.

இனி மறக்கக்கூடாதவன் போஜன்.
இலைச் சீட்டை பஸ்ஸில் விடுபவன்.
தங்கை நிச்சயத்துக்கு
மறுநாள் சட்டை தேய்த்துக்கொண்டு வந்தவன்.
இருமல் மருந்து மூடியொன்றைச் சங்கிலியில் கோத்து
பெட்ரோல் மூடியோடு கட்டினேன்.
உள்பக்கம் நகப்பூச்சால் எழுதினேன்:
இருபதுக்கு நூற்றறுபது.
பங்க் பையன் சிரித்தான்,
"காருக்கா அக்கா டூ-டி?"

அதன்பின் என் மூக்குதான் அந்தப் பம்ப்.
கடைமுன் அவன் கடக்கும்போதெல்லாம்
ஸ்பேனரை வைத்துவிட்டு முகர்ந்து பார்ப்பேன்.
இனிப்பும் கரியுமாய் அந்தப் புகை வந்தால்
சரி, ஊற்றியிருக்கிறான்.

ஐப்பசியில் ஒரு நாள், எதிர்க்கடை தெரியாத பனிமூட்டம்.
அந்த எஞ்சின், தகரத்தில் வண்டு மாட்டியதுபோல்
இரைந்துகொண்டு இறங்கிப் போனது.
முகர்ந்தேன்.
ஒன்றுமில்லை.
இன்னும் ஆழமாய். ஒன்றுமே இல்லை.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.
டூ-டி பாட்டிலை ஸ்வெட்டருக்குள் செருகி
டிவிஎஸ் ஐம்பதை உதைத்தேன்.
ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பட்டைகள்
என் பல்லுக்கிடையில் காய்ந்தன.
வழியெல்லாம் என் வண்டியின் புகையே என்னைச் சூழ
அவன் புகையைத் தேடினேன்.

குஞ்சப்பனை செக்போஸ்ட்டில்
பானட்மேல் டம்ளர் வைத்து
டீ ஆற்றிக்கொண்டு நின்றான்.
பாட்டிலை நீட்டினேன். மூச்சு வாங்கியது.
என்னை ஏற இறங்கப் பார்த்தான்.
பெட்ரோல் மூடியைத் திறந்து
சங்கிலியோடு அந்தச் சின்ன மூடியை
என் மூக்கடியில் பிடித்தான்.

"என்ன வாசம்?"
"தெரியல."
"எத்தன நாளாச் சளி?"

விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன்.
வழுக்கியது.